வேருக்குள் பூசணம் நுழைந்ததா? திருநீற்றுப்பச்சிலையில் ஒரு தொட்டிச் சோதனை

வேருக்குள் குடியேறிச் செடியோடு கூட்டாக வாழும் வேர் உட்பூசணத்தைத் தொட்டியில் போட்டோம்; செடி நன்றாக வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ‘அதனால்’ என்ற சொல்லைப் போட வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். பூசணம் உண்மையிலேயே வேருக்குள் போயிருக்கிறதா? போடாத தொட்டியில் அது இல்லை என்பது உறுதியா? கூடவே போன பாக்டீரியாவும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அந்த வேலையைச் செய்துவிடவில்லையா? இந்த மூன்றையும் வீட்டு மாடியிலோ பள்ளி ஆய்வகத்திலோ சோதித்துவிடலாம். குக்கர், வினிகர், பேனா மை, சொட்டுநீர் உரக்கடையில் வாங்கும் நான்கைந்து உப்புகள், 100 மடங்கு பெரிதாக்கும் ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும்.

வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்துக்கு ‘வேர்மண்டலம்’ என்று 1904இல் பெயர் கொடுத்தவர் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர். இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் அங்கே கசியவிடுகிறது. அதைத் தேடி நுண்ணுயிர்கள் கூடுகின்றன. வேர் உட்பூசணம் அவற்றில் ஒரு படி மேலே போய், வேரின் உயிரணுவுக்குள்ளேயே குடியேறி விடுகிறது. உள்ளே சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்கிறது. வெளியே இழை விட்டு மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாகவே நகரும். வேர்த்தூவிகள் எட்டும் ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்தபின், அதற்கு அப்பால் சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதை எட்டுவது இந்த இழைகள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் ஆகிய பாக்டீரியாக்களைப் போல வெல்லக் கரைசலில் ஊறவைத்து ‘வேம்’ (VAM, இந்தப் பூசணத்தின் இன்னொரு பெயர்) பெருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஊறவைத்த கரைசலில் பெருகுவது வேறு ஏதோ.

எதற்குத் திருநீற்றுப்பச்சிலை

சப்ஜா விதை என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது இதன் விதைதான். வேர் மெல்லியது, வெள்ளையானது. சாயம் நன்றாகப் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம் இலையில் இருக்கிறது. வாசனை எண்ணெய் இலைப்பரப்பில் உள்ள வட்டச் சுரப்பிகளில் சேர்கிறது. அவற்றைக் கைப்பேசியில் மாட்டும் 60 மடங்கு லென்ஸால் எண்ணிவிடலாம். செடியின் வேதியியல் மாறுகிறதா என்பதற்குக் கண்ணால் எண்ணக்கூடிய ஒரு சாட்சி இவ்வளவு மலிவாக வேறு செடியில் கிடைப்பது கடினம்.

இதே செடியின் ‘ஜெனோவீஸ்’ ரகத்தில் இத்தாலியில் மூன்று பூசணங்களை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஜைகாஸ்போரா ரோசியா என்ற ஒன்று மட்டும் செடியின் எடை, வேரின் கிளைப்பு, எண்ணெயின் அளவு, வட்டச் சுரப்பிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கூட்டியது. மூன்றில் இரண்டு ஜைகாஸ்போரா இனங்கள்; அவை இரண்டுமே எண்ணெயில் யூஜினால் விகிதத்தைக் கூட்டி, லினலூல் என்ற இன்னொரு மணப்பொருளைக் குறைத்தன. கிராம்பின் மணத்துக்குக் காரணம் இந்த யூஜினால்தான். செடியில் இருந்த மணிச்சத்தின் அளவு மட்டும் எந்தக் குழுவிலும் மாறவில்லை. இந்தக் கடைசி வரிதான் இந்தச் சோதனையின் அச்சாணி: பூசணத்தின் வேலை உரம் கொண்டுவருவதோடு முடிவதில்லை. எந்தப் பூசணம் என்பதைப் பொறுத்து விளைவும் மாறுகிறது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் எந்த இனம் என்று பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை. ஆகவே அந்த ஆய்வில் வந்தது இங்கே வரும் என்று எதிர்பார்த்து எண்ணத் தொடங்கக் கூடாது.

தாய்வித்து: உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையிலோ நம்பகமான தயாரிப்பாளரிடமோ தாய்வித்து, அதாவது பூசணம் கலந்த மூலக் கலவை, 1 கிலோ வாங்கலாம். வாங்கியதும் நேராகத் தொட்டியில் போட வேண்டாம். நான்கு தேநீர்க் கோப்பை அளவு குவளைகளில், குக்கரில் வேகவைத்து ஆறிய மணலை நிரப்புங்கள். இரண்டு குவளைகளில் மட்டும் தலா 10 கிராம் வித்தை நடுவில் ஓர் அடுக்காக வையுங்கள். நான்கிலும் இரண்டிரண்டு மக்காச்சோளம் ஊன்றி 28 நாள் வளர்த்து, கீழே சொல்லும் முறையில் வேரைச் சாயமேற்றிப் பாருங்கள். வித்து போட்ட குவளையின் வேரில் நீலம் (சாயம் பிடித்த பூசணம்) இல்லையென்றால், அந்தப் பொட்டலத்தை வைத்து இரண்டு மாதம் செலவிட வேண்டாம். வெயிலில் கிடந்த பொட்டலம், காற்று புகாமல் ஈரத்தோடு கட்டி வைத்த பொட்டலம் இரண்டும் இந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

தேறிய வித்தை நாற்றங்காலுக்கும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் குழி முறையே போதும். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழக் குழி, உள்ளே கருப்பு பாலித்தீன் தாள். 50 கிலோ வெர்மிகுலைட்டுடன் (நீரைப் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) வேகவைத்த மண் 5 கிலோ கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப வேண்டும். மேற்பரப்புக்கு 2 முதல் 5 செ.மீ. கீழே 1 கிலோ தாய்வித்தைப் பரப்ப வேண்டும். மக்காச்சோள விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் முக்கி, நன்றாகக் கழுவி விதைக்க வேண்டும். குழிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். பிறகு 30ஆம் நாளும் 45ஆம் நாளும் யூரியா மட்டும் 10 கிராம். அதே இரண்டு நாட்களில் வேரை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். 60 நாளில் தட்டையை வெட்டிவிட்டு, வேரைத் துண்டுதுண்டாக நறுக்கி அந்தக் கலவையிலேயே கலந்துவிட்டால் 55 கிலோ வித்து. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் 550 சதுர மீட்டருக்கு வரும்.

சூப்பர் பாஸ்பேட் வெறும் 2 கிராம்தானா என்று ஒரு கைப்பிடி கூடப் போடுகிறவர்கள் உண்டு. சோளம் கருகருவென்று வரும். வேரில் பூசணம் இருக்காது. மணிச்சத்துக்குப் பசித்த வேர்தான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் அதிகமாக விடும். அதை உணர்ந்துதான் பூசண இழை கிளைபிரிந்து வேரை நோக்கி வரும் என்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வயிறு நிறைந்த வேர் அந்த அழைப்பை நிறுத்திவிடுகிறது. (சோளத்திலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வரும் சுடுமல்லி, இதே பொருளை மோப்பம் பிடித்துத்தான் முளைக்கிறது. இந்தக் குடும்பப் பொருளை முதலில், 1966இல், பிரித்தெடுத்ததும் அந்தக் களையைப் பற்றிய தேடலில்தான்.) குழியில் மக்காச்சோளத்துக்குப் பதில் கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, தண்டுக்கீரை, பீட்ரூட் போடக் கூடாது; இவற்றின் குடும்பங்கள் இந்தப் பூசணத்தை உள்ளே விடுவதில்லை. தக்காளியும் கத்தரியும் விடும். ஆனால் வேர்முடிச்சு நூற்புழுவையும் சேர்த்து வளர்த்து, வித்தோடு தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

மண், தொட்டி, மூன்று குழுக்கள்

6 அங்குலத் தொட்டி 24. ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு நன்றாகக் கழுவிய மணல், ஒரு பங்கு வெர்மிகுலைட். மண்வள அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைவு என்று இருக்கும் மண்ணாகப் பார்த்து எடுப்பது நல்லது. 22 கிலோவுக்கு மேல் உள்ள தோட்டத்து மண், தொழுவுரம் போட்டுப் பழகிய மண், மண்புழு உரம் எதுவும் இந்தச் சோதனைக்கு உதவாது.

கலவையை லேசாக ஈரப்படுத்தி, ஒன்றரை கிலோ கொள்ளும் துணிப்பைகளில் தளர்வாகக் கட்டி, குக்கரில் தட்டு வைத்து அதன்மேல் அடுக்குங்கள். ஆவி முழு அழுத்தத்துக்கு வந்தபின் ஒரு மணி நேரம். மறுநாள் அதே பைகளை இன்னொரு மணி நேரம். முதல் நாள் சூட்டில் சாகாத பாக்டீரிய வித்துகள் இரவில் முளைவிடும். இரண்டாம் நாள் சூடு அவற்றை முடிக்கும். நடுவில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் கெடுப்பது இதற்கு அடுத்த படியில். வேகவைத்த மண்ணில் உடனே விதைத்தால் இலை மஞ்சளாகிப் புள்ளி விழும். அழுத்தச் சூட்டில் மண்ணிலுள்ள மாங்கனீசும் அம்மோனியமும் ஏராளமாக விடுபட்டு வேரைச் சுடுகின்றன. சுத்தமான தொட்டிகளில் நிரப்பி, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, மூடி 2 வாரம் ஆறவிட வேண்டும். இந்த 2 வாரத்தைச் சேமிக்க முயன்றால் எல்லாக் குழுக்களும் சேர்ந்து நோயாளியாகும், ஒப்பீடே மிஞ்சாது.

குழுவுக்கு 8 தொட்டி.

முதல் குழு: உயிருள்ள வித்து 20 கிராம், விதைக்கு 3 செ.மீ. கீழே ஓர் அடுக்காக.
இரண்டாம் குழு: அதே வித்து, அதே 20 கிராம், ஆனால் குக்கரில் இருமுறை வேகவைத்தது.
மூன்றாம் குழு: வேகவைத்த வித்து, கூடவே பத்து மடங்கு மணிச்சத்து.

இதோடு, உயிருள்ள வித்து 200 கிராமை 2 லிட்டர் நீரில் கலக்கி, தெளியவிட்டு, ஆய்வக வடிதாளில் மூன்று முறை வடிகட்டி, தொட்டிக்கு 50 மி.லி. வீதம் மூன்று குழுக்களுக்கும் ஊற்ற வேண்டும். பூசண வித்துகள் பெரியவை, தாளில் நின்றுவிடும். பாக்டீரியா வடிந்து வந்துவிடும். இந்த வடிநீரை ஊற்றாமல் விட்டால், முதல் குழுவில் காணும் மாற்றம் பூசணத்தால் வந்ததா, வித்தோடு ஒட்டிவந்த பாக்டீரியாவால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. வடிநீர் கலங்கலாக வந்தால் தாள் கிழிந்திருக்கிறது, மறுபடி வடிகட்டவும்.

மூன்றாம் குழு எதற்கு? பூசணம் செய்வது மணிச்சத்து ஊட்டுவது மட்டும்தான் என்றால், முதல் குழுவில் தெரிகிற மாற்றம் இதிலும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேறு ஏதோ நடக்கிறது.

ஊட்டக் கரைசல், 10 லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் 5.9 கிராம் (உரக்கடையில் 15.5 சதவீதத் தழைச்சத்து என்று விற்பதாக இருந்தால் 4.5 கிராம்), பொட்டாசியம் நைட்ரேட் 2.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 2.5 கிராம், மணிச்சத்து இல்லாத நுண்ணூட்டக் கலவை அதன் தெளிப்பு அளவில் பத்தில் ஒரு பங்கு. மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் வெறும் 0.14 கிராம். இதை நிறுக்க முடியாது, 1.4 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்து, அதில் 100 மி.லி. எடுத்துச் சேர்க்க வேண்டும். மூன்றாம் குழுவுக்கு அந்த 1.4 கிராமும் 10 லிட்டரில் போகும். அதில் சாம்பல் சத்தும் கூடவே ஏறுவதால், முதல் இரண்டு குழுக்களின் கரைசலில் வெள்ளைப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) 0.67 கிராம் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். உப்புகளை ஒவ்வொன்றாக நிறைய நீரில் கரையுங்கள். கால்சியம் நைட்ரேட்டையும் மற்றவற்றையும் கெட்டியாக ஒரே குவளையில் கரைத்தால் வெள்ளை வண்டலாகக் கீழே படிந்துவிடும். அந்த வண்டலில்தான் நாம் கணக்குப் பார்த்து அளந்த மணிச்சத்து இருக்கும். வாரம் இருமுறை தொட்டிக்கு 100 மி.லி.; மற்ற நாட்களில் வெறும் நீர். குளோரின் போட்ட குழாய்நீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றவும்.

சப்ஜா விதையைக் கழுவக் கூடாது. நீர் பட்டதும் வழுவழுப்பு உறை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, கழுவுநீரை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பூசணம் விதை வழியாக வருவதில்லை என்பதால் உலர்ந்தபடியே தொட்டிக்கு ஆறு விதை தூவி, மெல்ல மணல் போர்த்தினால் போதும். இரண்டாம் சோடி இலை வந்ததும் நடுத்தரமான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கவும். பிடுங்கினால் பக்கத்து வேர் அறும். மூன்று குழுத் தொட்டிகளையும் கலந்து வைத்து, வாரம் ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். நீர் தெறிக்காத இடைவெளி வேண்டும். அடியில் தனித்தனித் தட்டு வேண்டும். கைக்கரண்டியும் தனி.

முதல் மூன்று வாரத்தில் உயிருள்ள வித்து போட்ட செடிகள் சற்றே பின்தங்கலாம். பதற வேண்டாம், கூடுதல் உரமும் வேண்டாம். செடி இலையில் செய்யும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பூசணத்துக்குப் போகக்கூடும். கொடுக்கல் முதலில் தொடங்குகிறது, வாங்கல் பிறகுதான். நிழலான மாடியில் இந்தப் பின்தங்கல் கடைசிவரை நீடிக்கலாம். கொடுக்கவே சர்க்கரை இல்லாத செடிக்கு இந்தக் கூட்டு பாரம்தான்.

28ஆம் நாள்: வேரை மையில் பார்ப்பது

1998இல் வெளியான மை–வினிகர் முறை இது. முன்பு பயன்பட்ட டிரைபன் நீலம் புற்றுநோய் அபாயம் உள்ளது என்பதால் வீட்டுக்கோ பள்ளிக்கோ அது வேண்டவே வேண்டாம்.

குழுவுக்கு இரண்டு தொட்டியில் ஓரமாகத் தோண்டி, தலைமுடி போன்ற பக்கவேர்களை மட்டும் அரை கிராம் அளவு எடுங்கள். தடித்த வேரில் பார்த்துப் பயனில்லை. வாளி நீரில் அலசி 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். அன்றே பார்க்க முடியாவிட்டால் 50 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்கலாம்.

காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 10 கிராமை 100 மி.லி. நீரில் கரைக்க வேண்டும். நீரில்தான் காரத்தைப் போட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணாடிப் பாத்திரம் அல்லது எவர்சில்வர் மட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை விடும். வேர்த்துண்டுகளை எவர்சில்வர் தேயிலை வடிகட்டியில் போட்டு, கரைசல் உள்ள கண்ணாடிக் குவளையில் இறக்கி, குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். நேரடித் தீயில் வேண்டாம். பச்சிலை வேருக்கு 5 முதல் 8 நிமிடம். மக்காச்சோள வேருக்கு 15 முதல் 20. கரைசல் தேநீர் நிறமாகி, வேர் கண்ணாடி போல ஆகும்போது எடுத்துவிட வேண்டும். கடிகாரத்தைவிட இந்த நிறமாற்றத்தைப் பார்ப்பதே சரி.

நான்கு நீரில் அலசி, கடைசி நீரில் ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். வேரில் காரம் மிஞ்சினால் மை பிடிக்காது. பிறகு வெள்ளை வினிகர் 95 மி.லி.யில் பேனா மை 5 மி.லி. கலந்து, அதில் வேரை 3 நிமிடம் கொதிக்கும் சூட்டில் வைக்கவும். எடுத்து, சில சொட்டு வினிகர் விட்ட நீரில் அரை மணி நேரம் முதல் ஓர் இரவு வரை ஊறவிட்டால், வேரில் தேவையில்லாமல் ஏறிய மை வெளியேறிவிடும். பூசணத்தில் ஏறியது நிற்கும். பாதிக்குப் பாதி நீர் கலந்த கிளிசரினில் ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பை விரலால் லேசாக அழுத்திப் பார்க்கவும். 10 மடங்குப் பொருள்வில்லை போதும். 140 மடங்கு பெரிதாக்கும் ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கியிலும் பூசணத்தின் இழையும் பையும் தெரியும். உயிரணுவுக்குள் பூசணம் கிளைத்து நிற்கும் ஆர்பஸ்கியூலைத் தெளிவாகப் பார்க்க 400 மடங்கு வேண்டும்.

மை எது என்பது முக்கியம். முதலில் சொல்லப்பட்டது ஷேஃபர் கறுப்பு. எல்லாப் பேனா மையும் பூசணச் சுவரில் ஒட்டாது. நீரில் கரையும் சாய மை வேண்டும். அழியாத மை என்று விற்பவற்றில் இருப்பது நிறமித் துகள், அது வேருக்குள் நுழையவே நுழையாது. கிடைக்கும் இரண்டு மூன்று கறுப்பு, நீல மைகளை முதலில் வேறொரு வேரில் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வரப்போரப் புல்லின் வேர் சிறந்தது. உழாத வரப்பில் பூசணம் இல்லாத புல்வேர் அபூர்வம். எதிர்ச்சாட்சிக்கு, வேகவைத்த மணலில் 3 வாரம் வளர்த்த சமையல் கடுகின் வேர். வரப்புப் புல்லில் நீலம் தெரிந்து கடுகில் தெரியாமல் இருந்தால் உங்கள் மையும் கையும் சரி. இந்த இரண்டையும் பார்க்காமல் பச்சிலை வேரைப் பார்க்கத் தொடங்கினால், காண்பதையெல்லாம் பூசணமாக நினைக்க மனம் துடிக்கும்.

எது பூசணம்? வேரின் நீளவாக்கில் ஓடும், குறுக்குச் சுவரில்லாத, தடிமன் சீராக இல்லாத, ஆங்காங்கே முண்டும் முடிச்சுமாக உள்ள இழை. அதோடு முட்டை வடிவப் பைகள். இவை கொழுப்பைச் சேர்த்துவைக்கும் வெசிக்கிள்கள். ஆனால் ஜைகாஸ்போரா குடும்பத்துப் பூசணங்கள் வேருக்குள் பை விடுவதில்லை. பை இல்லை என்பதற்காக ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஆர்பஸ்கியூல் என்பது ஓர் உயிரணுவுக்குள் குட்டி மரமாகக் கிளைத்து நிற்பது. 100 மடங்கில் வெறும் நீலப் புகைபோலத் தெரியும். கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் இதுதான். ஸ்காட்லாந்தின் ரைனி கற்படிவங்களில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைய செடிகளுக்குள்ளும் இதே வடிவம் இருக்கிறது. அதை நம் மாடித் தொட்டி வேரில் பார்க்கும்போது கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடிவதில்லை.

எது இல்லை? சீரான இடைவெளியில் குறுக்குச் சுவர் உள்ள இழை, தானாகவே பழுப்பாக இருக்கும் இழை, வேரின் மேல்தோலில் மட்டும் படர்ந்திருப்பது. இவை வேறு பூசணங்கள். வேர் முழுக்கக் கருநீலமாக இருந்தால் காரத்தில் வெந்தது போதவில்லை. நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சி மேற்பட்டை உரிந்து வந்தால் அதிகமாக வெந்துவிட்டது. பூசணம் இருந்த பட்டையே போய்விட்டது. எல்லாம் வெளிறி ஒன்றுமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரம் மிஞ்சிய வேர், அல்லது தவறான மை.

எண்ணுவதற்கு, தொட்டிக்கு 30 துண்டு. ஒவ்வொன்றிலும் முன், நடு, பின் என மூன்று இடம், மொத்தம் 90. ஒவ்வோர் இடத்திலும் இழை, பை, ஆர்பஸ்கியூல் எது தெரிந்தாலும் ஒரு கோடு. கோடுகளை 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் குடியேற்ற சதவீதம். எந்தத் தொட்டியின் வேர் என்று தெரியாதபடி வேறொருவர் சீட்டெழுதி வைக்க, நீங்கள் எண்ணுவது நல்லது. இரண்டாம் குழுவில் ஓரிரு தொட்டியில் நீலம் தென்பட்டால் அந்தத் தொட்டிகளைக் கணக்கிலிருந்து நீக்கி, காரணத்தைத் தேடுங்கள்: தெறித்த நீர், எறும்பு, பொதுக் கரண்டி.

45ஆம் நாள்: இலை

பூக்கும் முன் எண்ண வேண்டும். உச்சியிலிருந்து மூன்றாம் சோடி இலை, எல்லாச் செடியிலும் அதே இலை. இளம் இலையில் சுரப்பி நெருக்கமாகவும் முதிர்ந்ததில் விலகியும் இருக்கும் என்பதால் இதில் தளர்வு கூடாது. காம்போடு கிள்ளி, பரப்பைத் தொடாமல் எடுக்கவும். விரல் பட்டால் சுரப்பி உடையும். நம் மூக்குக்கு வரும் அந்த மணமே, எண்ண வேண்டியது போய்விட்டது என்பதற்கான அடையாளம்.

பக்கவாட்டில் டார்ச் ஒளி விழுந்தால் வட்டச் சுரப்பிகள் பொன்னிறப் பொட்டுகளாக மின்னும். பக்கத்தில் தெரியும் மிகச்சிறிய புள்ளிகள் இன்னொரு வகைச் சுரப்பி. அவற்றை எண்ண வேண்டாம். லென்ஸின் அதே தூரத்தில் அளவுகோலைப் படமெடுத்து, படச்சட்டத்தில் எத்தனை சதுர மில்லிமீட்டர் அடங்குகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இலையின் அடி, நடு, நுனி மூன்றிலும் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும் படமெடுக்க வேண்டும். இத்தாலிய ஆய்வில் வேறுபாடு அடியிலும் நடுவிலும்தான் இருந்தது. நுனியை மட்டும் எடுத்தால் அது தவறிப்போகும்.

பிறகு இலையை வரைபடத் தாளில் வைத்து ஓரம் வரைந்து பரப்பளவு காணுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுப் பலர் தலைகீழான முடிவுக்கு வருகிறார்கள். பூசணம் உள்ள செடியின் இலை பெரிதாகிவிட்டால் அதே எண்ணிக்கைச் சுரப்பி அகலமாகப் பரவும். சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்ததாகத் தோன்றும். சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை, முழு இலைக்கு எத்தனை என்று இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

எட்டுச் செடியின் இலையில் எண்ணெய் வடிப்பது வீண். துல்லியமாக அளக்கும் அளவு வராது. முகர்ந்து பார்த்து முடிவு சொல்வதும் வேண்டாம்.

60ஆம் நாள்: எடையும் ஒப்பீடும்

தண்டையும் வேரையும் பிரித்து, நிழலில் வாடவிட்டு, பிறகு எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்கவும். வேரை இன்னொரு முறை சாயமேற்றி எண்ணவும்.

முதல் குழுச் செடி பெரிது, மூன்றாம் குழுவும் அதே அளவு பெரிது, சதுர மில்லிமீட்டருக்கான சுரப்பி எங்கும் ஒன்றே: பூசணம் மணிச்சத்தைக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவே. அது சிறிய விஷயமல்ல; சூப்பர் பாஸ்பேட் செய்யும் வேலையை வேர் தானே செய்துகொண்டது. முதல் குழு எடையில் இரண்டாம் குழு போலவே இருந்து, சுரப்பி மட்டும் கூடியிருந்தால், அதுவும் மூன்றாம் குழுவில் கூடாமல் இருந்தால், செடியின் உட்கட்டளையே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். உயிரணுவுக்குள் ஒரு விருந்தாளியை அனுமதிக்கும் செடி, தற்காப்புக்கான ஜாஸ்மோனேட் போன்ற ஹார்மோன்களைப் புதிதாக ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. சுரப்பி முளைப்பதும் அதே ஹார்மோனின் கட்டுப்பாட்டில் உள்ளது. வேரில் நீலம் நிறைந்திருந்து மேலே ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். மணிச்சத்து மிகுந்த மண்ணில், வெளிச்சம் குறைந்த இடத்தில் இது இயல்பு. வேரில் நீலமே இல்லாமல் செடி மட்டும் செழித்திருந்தால், அதற்குப் பூசணத்தைக் காரணம் சொல்ல முடியாது.

குழுவுக்குள் எட்டுச் செடிகளின் மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். மருந்துக் கடை விதை பல செடிகளின் கலவை. தொட்டிக்குத் தொட்டி வேறுபாடு பெரிதாகவே இருக்கும். இரண்டு குழுக்களின் எண் வீச்சு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் சராசரியில் தெரியும் சிறு வேறுபாட்டுக்குப் பொருளில்லை. ஒரே செடியிலிருந்து வெட்டி வேர்விடவைத்த குச்சிகளில் சோதனையைத் திரும்பச் செய்தால் இந்தச் சிதறல் குறையும். குச்சியை வேகவைத்த மணலில்தான் வேர்விடச் செய்ய வேண்டும். தோட்டத்து மண்ணில் வைத்தால் எந்தப் பூசணம் முதலில் ஏறியது என்று தெரியாமல் போகும்.

முதல் குழுவில் வேர் நன்றாக நீலம் பிடித்த தொட்டிகளுக்குக் கடைசி 10 நாள் நீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் பூசணம் வித்து விடும் வேலையைத் தீவிரப்படுத்தும். அந்தத் தொட்டிகளின் மண்ணையும் நறுக்கிய வேரையும் கலந்து, கையில் பிசுபிசுக்காத அளவு நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வெயில் படாமல் வைக்கவும். பையின் மேல் பயிரின் பெயர், எடுத்த தேதி, குடியேற்ற சதவீதம் மூன்றையும் எழுத வேண்டும். அடுத்த குழிக்குத் தாய்வித்து 1 கிலோ இதிலிருந்தே வரும். போடும் முன் மறுபடி அந்த நான்கு குவளைச் சோதனை.